அணைந்தால்தான் சேதி

சனி ஞாயிறு என்றால் கோலாலம்பூர்க் கார்களில் ஒரு பங்கு எங்கள் பத்தாங் பெர்ஜுந்தையைத் தொட்டுத்தான் போகும். (பலகையில் பெஸ்தாரி ஜெயா என்று இருக்கும். மாற்றி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது, தோட்டத்துப் பெரியவர்கள் வாயில் இன்னும் மாறவில்லை.) வருகிறவர்கள் எல்லாரும் கம்போங் குவாந்தானில் மின்மினி பார்க்கப் போகிறவர்கள். இப்போது கோல சிலாங்கூர்ப் படகுக்காரர்கள் ‘நீலக் கண்ணீர்’ என்று கடலோரத்தில் இன்னொரு வெளிச்சத்தையும் சேர்த்துக் காட்டுகிறார்கள். போய்விட்டு வரும் சொந்தக்காரர்கள் என்னிடம் கேட்பது எப்போதும் ஒரே கேள்விதான்: “ரெண்டும் ஒண்ணுதானே?”

ஒன்றில்லை. மின்மினி பூச்சி. ஆற்றோரப் பெரெம்பாங் மரத்து இலைகளில் உட்கார்ந்துகொண்டு ஆண்பூச்சிகள் ஒரே தாளத்தில் மின்னும். பெண்பூச்சியைக் கூப்பிடத்தான் அத்தனை ஆர்ப்பாட்டமும். நீலக் கண்ணீர் என்பது டைனோஃபிளாஜெல்லேட் என்ற ஒரு செல் உயிரி. துடுப்புப் பட்டால் பளிச், கையை விட்டுக் கலக்கினால் பளிச், தண்ணீர் அசையாமல் கிடந்தால் இருட்டு. 2019 ஆகஸ்டில் சென்னைக் கடற்கரையில் அலை நீலமாக மின்னியது என்று வாட்ஸ்அப்பில் சுற்றியதே, அதுவும் இந்த வகைதான்.

மூன்றாவதாக ஒன்று உண்டு. அதற்கு யாரும் டிக்கெட் விற்பதில்லை. கடலில் வாழும் பாக்டீரியா. மின்னாது, தாளம் போடாது, யாரும் தொட வேண்டியதும் இல்லை. உணவும் காற்றும் கூட்டமும் இருந்தால் ராத்திரி பகல் பார்க்காமல் ஒரே சீராக நீலப்பச்சையில் எரிந்துகொண்டே இருக்கும். நான் செம்பனை ஆலை லேப்பில் வேலை செய்கிறவன். கடலுக்கும் எனக்கும் சம்பந்தம் மீன் வாங்குவதோடு சரி. ஆனாலும் இந்தப் பாக்டீரியாவைப் பற்றிப் படிக்கத் தொடங்கியதிலிருந்து விட முடியவில்லை. காரணம் என் வேலையில்தான் இருக்கிறது. அதற்கு முன்னால் மீன்.

பாசிர் பெனாம்பாங் பக்கம் வலை மீன் வாங்கினால் அதில் காரல் கலந்திருக்கும். மலாய்க்காரர்கள் கெக்கெக் என்பார்கள். உள்ளங்கை அளவு, வெள்ளிப் பளபளப்பு, தொட்டால் வழவழ. எங்கள் தோட்டத்து லயத்தில் அதைக் கருவாடாகப் பொரித்துத் தின்றுதான் வளர்ந்தோம். அந்த மீனின் கழுத்துக்குள்ளே உணவுக்குழாயைச் சுற்றி வளையம் போல ஓர் உறுப்பு. அது முழுக்க ஃபோட்டோபாக்டீரியம் லெயோக்னாத்தி என்ற பாக்டீரியா குடியிருக்கும். லெயோக்னாத்திடே என்பது காரல் குடும்பத்தின் பெயர், அதையே குடித்தனக்காரனுக்கும் வைத்துவிட்டார்கள். பாக்டீரியாவுக்குச் சோறும் இடமும் மீன் கொடுக்கிறது. மீனுக்கு வயிற்றுப் பக்கம் மெல்லிய வெளிச்சம். கீழே இருந்து பார்க்கும் பெரிய மீனுக்கு, மேலே இருந்து இறங்கும் வெளிச்சத்தோடு இந்த ஒளியும் கலந்துபோவதால், நிழல் தெரியாது. இரை தப்பும்.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். குடலை எடுக்காத, குழாய்த் தண்ணீரில் கழுவாத காரல் இரண்டு. ஒரு லிட்டர் தண்ணீருக்கு முப்பது கிராம் கல்லுப்பு. தட்டில் மீன் பாதி மூழ்கப் பாதி தெரிய வைத்து, ஏர்கான் அறையில் ஒரு ராத்திரி விட வேண்டும். என் மனைவி இதற்கு லேசில் சம்மதிக்கவில்லை. “ஏங்க, படுக்குற ரூம்ல மீனையா வைப்பீங்க?” என்றாள். வைத்தேன். மறுநாள் ராத்திரி எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு, ஜன்னல் இடுக்கில் துணியைச் செருகிவிட்டு, கண் இருட்டுக்குப் பழகும்வரை உட்கார்ந்திருந்தோம். முதலில் ஒன்றும் இல்லை. மகள் கொட்டாவி விட்டாள். பிறகு மீனின் கழுத்தோரம் பொட்டுப் பொட்டாக ஒரு நீலம். நேராகப் பார்த்தால் மங்கும், கொஞ்சம் ஓரக்கண்ணால் பார்த்தால் நன்றாகத் தெரியும். வயிற்றோரம் ஒரு படலம், தட்டில் மீன் படுத்திருந்த இடத்தில் ஒரு கோடு.

அந்தப் பொட்டைப் பஞ்சால் ஒற்றி, புதிதாகக் கரைத்த உப்புத் தண்ணீர்ப் போத்தலில் கொஞ்சம் மீன்சாற்றோடு போட்டு வைத்தேன். அடுத்த ராத்திரி போத்தலே லேசாக ஒளிர்ந்தது. சும்மா வைத்திருந்தால் மேல்மட்டத்தில் மட்டும் ஒரு வளையம், அடியெல்லாம் இருட்டு. குலுக்கினால் முழுப் போத்தலும் ஏறி எரியும், கொஞ்ச நேரத்தில் மறுபடி மேலே சுருங்கிவிடும். “பா, இன்னொரு தடவ குலுக்குங்க” என்று மகள் விடவில்லை. குலுக்கும்போது உள்ளே போவது காற்று. ஆக்சிஜன் தீர்ந்தால் ஒளியும் தீரும். இதை 1668இல் ராபர்ட் பாய்ல் செய்து பார்த்துவிட்டார். மினுங்கும் கட்டையையும் மீனையும் கண்ணாடிக் கூண்டில் வைத்து, பம்பால் காற்றை உறிஞ்சினார். ஒளி போயிற்று. காற்றை விட்டார். திரும்ப வந்தது. ஆக்சிஜன் என்ற பெயரே பிறக்காத காலம் அது. பாக்டீரியா என்று ஒன்று ஒளிர்கிறது என்பதும் அவருக்குத் தெரியாது.

பிறகு மகள் கேட்டதால் துணி வெளுக்கும் குளோரோக்ஸ் ஒரு சொட்டு விட்டோம். குலுக்கினோம். போத்தல் அணைந்துவிட்டது. எவ்வளவு குலுக்கியும் வரவில்லை. மகளுக்கு வருத்தம். எனக்கு இந்தக் கட்டுரையே அந்த ஒரு சொட்டில்தான்.

ஏன் என்று சொல்ல, ஒளி எப்படிப் பிறக்கிறது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். பாக்டீரியாவுக்குள் லூசிஃபெரேஸ் என்ற நொதி. அதற்கு மூன்று பொருள் வேண்டும்: ஆக்சிஜன், நீளச் சங்கிலி கொண்ட ஓர் ஆல்டிஹைடு, எலக்ட்ரான் ஏற்றிய ஃபிளேவின் என்ற சின்ன மூலக்கூறு. மூன்றும் சேர்ந்தால் ஆல்டிஹைடு கொழுப்பமிலமாகிறது, மிச்ச ஆற்றல் சுமார் 490 நானோமீட்டர் அலைநீளத்தில் ஒளியாக வெளியேறுகிறது. ஃபிளேவினுக்கு எலக்ட்ரான் வருவது உயிர் மூச்சு விடும் அதே கணக்கிலிருந்துதான். ஆகவே மூச்சுக்கு இடைஞ்சல் வந்தால், செல் சாகும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, ஒளி உடனே குறைந்து காட்டிவிடும்.

இன்னொரு விஷயமும் சொல்லாமல் போக மனசில்லை. இவை தனியாக இருக்கும்போது ஒளிர்வதில்லை. கடல் நீரில் ஒரு மில்லிக்கு நூறு செல்கூடத் தேறாது, அங்கே எரித்தால் யார் கண்ணுக்குத் தெரியும்? வீண் செலவு. 1970இல் நீல்சன், பிளாட், ஹேஸ்டிங்ஸ் மூவரும் இதைத்தான் கண்டுபிடித்தார்கள். ஒவ்வொரு செல்லும் ஒரு சின்ன வேதிப்பொருளை வெளியே விட்டுக்கொண்டே இருக்கிறது, கூட்டம் கூடக் கூட அந்தப் பொருளின் அளவு ஏறுகிறது, ஒரு மட்டத்தைத் தாண்டியதும் எல்லாச் செல்களும் சேர்ந்து ஒளிக்கான மரபணுக்களை இயக்குகின்றன. தோட்டத்தில் இருந்தவர்களுக்கு இதைப் புரிய வைப்பது சுலபம். பெரட்டு. விடியற்காலை மண்டோர் தலை எண்ணி, ஆள் சேர்ந்த பிறகுதான் வேலை பிரியும். ஒரு வித்தியாசம், இங்கே மண்டோர் இல்லை. ஒவ்வொருவனும் மற்றவனை எண்ணிக்கொள்கிறான்.

ஹவாயின் குட்டிக் கணவாய் ஒன்று இந்த எண்ணிக்கையைத் தன் பிழைப்பாகவே வைத்திருக்கிறது. ராத்திரி வேட்டைக்குப் போகையில் அதன் வயிற்று உறுப்பில் பாக்டீரியாக்கள் மில்லிக்கு நூறு கோடியைத் தாண்டி நெருக்கிக்கொண்டு ஒளி தரும். விடிந்ததும் 95 விழுக்காட்டை வெளியே துப்பிவிடும். மிச்சம் பகலெல்லாம் பெருகி, ராத்திரிக்கு மறுபடி கூட்டம் தயார். மார்கரெட் மெக்ஃபால்-நை, எட்வர்ட் ரூபி என்ற இரண்டு ஆய்வாளர்கள் பல வருஷங்களாக இந்த ஒரு ஜோடியை வைத்தே எவ்வளவோ சொல்லிவிட்டார்கள். நோய்க்கிருமிகளும் இப்படித்தான் கூட்டம் பார்த்துத் தாக்குகின்றன என்று பிறகு தெரிந்தது. பிரின்ஸ்டனில் போனி பாஸ்லர் போன்றவர்கள் அந்தப் பேச்சைக் கெடுத்துக் கிருமியை அடக்க முடியுமா என்று பார்க்கிறார்கள். கொல்லாமல் காது கேட்காமல் செய்வது. எனக்குப் பிடித்த யோசனை.

கூட்டம் கடலிலேயே சேர்ந்தால் என்ன ஆகும்? மாலுமிகள் பால்கடல் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்தார்கள், கரையில் இருப்பவர்கள் நம்பவில்லை. 1995 ஜனவரியில் லிமா என்ற கப்பல் சோமாலியாவுக்கு அப்பால் அப்படி ஒரு கடலைக் கடந்ததாகக் குறிப்பு எழுதி வைத்தது. பத்து வருஷம் கழித்து ஸ்டீவன் மில்லர் குழு பழைய செயற்கைக்கோள் படங்களைத் தோண்டிப் பார்த்தால், அதே தேதி, அதே இடம், 15,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் ஒளி, மூன்று ராத்திரி தொடர்ந்து. 2019இல் நம் பக்கத்திலேயே, ஜாவாவுக்குத் தெற்கே, ஒரு லட்சம் சதுர கிலோமீட்டர் அளவுக்கு வந்தது. கணேஷா என்ற பாய்க்கப்பல்காரர்கள் அதற்குள்ளேயே போனார்கள். அந்தப் பெயரைப் படித்தபோது நான் சிரித்துவிட்டேன்.

சரி, இனி என் வேலை.

ஆலையில் பழக்குலையை நீராவியில் வேகவைத்து, பிழிந்து, எண்ணெயைத் தெளியவிட்ட பிறகு வரும் கழிவுநீர் பழுப்பாக, கொழகொழவென்று, சுடச்சுட இருக்கும். விஷம் என்று சொல்ல முடியாது, எல்லாம் பழத்திலிருந்து வந்ததுதான். ஆனால் அதை நுண்ணுயிர்கள் தின்னத் தொடங்கினால் தண்ணீரில் உள்ள ஆக்சிஜனையெல்லாம் குடித்துவிடும், மீன் மூச்சு முட்டிச் சாகும். எவ்வளவு குடிக்கும் என்பதைத்தான் பி.ஓ.டி. என்கிறோம். ஆலையிலிருந்து வரும்போது லிட்டருக்கு 25,000 மில்லிகிராம் பக்கம் இருக்கும். குளம் குளமாகக் கடந்து ஆற்றில் விடும்போது 100க்குள் இருக்க வேண்டும் என்பது 1977ஆம் ஆண்டு விதிமுறையிலிருந்து வருவது. நான் செய்யும் பரிசோதனை எளிது. மாதிரியைப் போத்தலில் அடைத்து, ஆக்சிஜனை அளந்து, 30 டிகிரியில் மூன்று நாள் இன்குபேட்டரில் வைத்து, மறுபடி அளக்க வேண்டும். மூன்று நாள். திங்கட்கிழமைத் தண்ணீர் எப்படி என்று வியாழக்கிழமை சொல்வேன். அதற்குள் திங்கட்கிழமைத் தண்ணீர் கடலுக்கே போயிருக்கும்.

பாக்டீரியா விளக்கு வேலைக்கு வருவது இங்கேதான். அலிவிப்ரியோ ஃபிஷெரி என்ற கடல் பாக்டீரியாவை உறைநிலையில் உலர்த்திக் குப்பியில் வைத்திருப்பார்கள். தண்ணீர் விட்டால் எழும், ஒளிரும். 15 டிகிரிக் குளிரில், 2 விழுக்காடு உப்புச் சேர்த்த ஆற்று நீரை அதோடு கலக்க வேண்டும். முதலில் எவ்வளவு ஒளி, 15 நிமிடம், 30 நிமிடம் கழித்து எவ்வளவு ஒளி. பாதியாகக் குறைய எவ்வளவு செறிவு வேண்டுமோ அதுதான் அந்தத் தண்ணீரின் நச்சுத்தன்மைக்குக் கணக்கு. 1970களின் பிற்பகுதியிலேயே மைக்ரோடாக்ஸ் என்ற பெயரில் கருவி வந்துவிட்டது, இப்போது ஐ.எஸ்.ஓ. 11348 என்று உலகத் தரமும் உண்டு. எங்கள் வீட்டுப் போத்தலில் விழுந்த குளோரோக்ஸ் சொட்டும் இதே பரிசோதனைதான், கருவிக்குப் பதில் மகளின் கண்.

இது ஆலைக்கு என்பதைவிட ஆற்றுக்கு முக்கியம். 2019 மார்ச்சில் ஜொகூர் பாசிர் கூடாங்கில் கிம் கிம் ஆற்றில் இரசாயனக் கழிவைக் கொட்டினார்கள். ஆயிரக்கணக்கானோர் மூச்சுத் திணறலோடு சிகிச்சைக்கு ஓடினார்கள், 111 பள்ளிகளை மூடினார்கள். அடுத்த வருஷம் செப்டம்பரில் எங்கள் சிலாங்கூர் ஆறு. ராவாங் பக்கம் ஏதோ கலந்து, நாற்றம் கீழே வந்து, ஆற்றோரம் உள்ள சுத்திகரிப்பு நிலையங்களை நிறுத்தினார்கள். ஏறக்குறைய 12 லட்சம் கணக்குகளுக்குத் தண்ணீர் தடை. தாமானில் தண்ணி லோரி வருமா என்று வாளியோடு நின்ற கூட்டத்தில் நானும் உண்டு. நிலையத்தை மூடுவதற்கு அளந்தது எதை என்று பிறகு தேடிப் படித்தேன். நாற்ற அளவு. தண்ணீரை நாற்றமில்லாத தண்ணீரால் நீர்க்க வைத்து நீர்க்க வைத்து, எந்த மட்டத்தில் மூக்குக்கு எட்டாமல் போகிறது என்று மனிதர்கள் முகர்ந்து சொல்வது. குறையாகச் சொல்லவில்லை, மூக்கு நல்ல கருவி. ஆனால் நாறாத விஷமும் உண்டு.

வேதிப் பரிசோதனைக்கு ஒரு சங்கடம். காட்மியம் இருக்கிறதா என்று கேட்டால் காட்மியம் பற்றித்தான் சொல்லும். பட்டியலில் இல்லாததைத் தேடாது. பாக்டீரியாவுக்குப் பட்டியல் இல்லை. எது கலந்திருந்தாலும், நாலைந்து சேர்ந்து கலந்திருந்தாலும், தன் மூச்சுக்குக் கேடு என்றால் மங்கும். என்ன விஷம் என்று சொல்லாது, அதைச் சொல்ல வேறு கருவிக்குப் போக வேண்டும். ஆனால் எந்த மாதிரியை முதலில் அங்கே அனுப்புவது என்று அரை மணி நேரத்தில் காட்டிவிடும்.

இதை எங்கள் ஆலையில் ஒரு முறை சொல்லிப் பார்த்தேன். அப்போதிருந்த மேலாளர் பொறுமையாகக் கேட்டார். “ரூல்ஸ்ல இருக்கா?” என்றார். இல்லை. பி.ஓ.டி., எண்ணெய், மிதக்கும் திடப்பொருள், நைட்ரஜன் என்று போகும் பட்டியலில் இது கிடையாது. “கேக்காத கேள்விக்கு நாம ஏன்யா பதில் எழுதணும்?” என்று கோப்பை மூடினார். கோபம் வந்தது. அவர் நிலையில் இருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேனோ என்னவோ.

இந்தப் பாக்டீரியாவைப் பற்றி நாளிதழில் வருவதெல்லாம் விளக்காகத்தான் வருகிறது. மின்சாரம் இல்லாத தெருவிளக்கு, ஒளிரும் கடை முகப்பு. பிரெஞ்சு விஞ்ஞானி ரஃபேல் துபுவா 1900இலேயே பாரிஸ் கண்காட்சியில் குடுவைகளில் வளர்த்து ஓர் அறைக்கே ஒளி கொடுத்துக் காட்டினார். நூறு வருஷம் கழித்து பிரான்சிலேயே குளோவி என்ற நிறுவனம் அதை மறுபடி கையில் எடுத்தது. எனக்கு நம்பிக்கை இல்லை. ஒளி அவ்வளவு மங்கல், தீனி போட வேண்டும், காற்று ஊத வேண்டும், கழிவை எடுக்க வேண்டும். ஒரு எல்.இ.டி. பல்புக்கு இது எதுவும் வேண்டாம். அந்த ஒளியை அளக்கும் இடத்தில் வைத்தால்தான் அதற்கு மதிப்பு.

1983இல் ஒளி மரபணுக்களை மொத்தமாக வெட்டி எடுத்து இ.கோலை என்ற குடல் பாக்டீரியாவுக்குள் வைத்தார்கள், அதுவும் ஒளிர்ந்தது. அதன் பிறகு வழி அகலமாகிவிட்டது. 1995இல் கான்டாக் குழு ஒளிரும் சால்மொனெல்லாவைச் சுண்டெலிக்குக் கொடுத்து, எலியை அறுக்காமலே கிருமி எங்கே இருக்கிறது, மருந்து கொடுத்தால் குறைகிறதா என்று வெளியிலிருந்து படம் எடுத்தது. 1996இல் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜில் நாஃப்தலீன் பட்டால் ஒளிரும்படி மாற்றிய பாக்டீரியாவை மண்ணிலேயே விட்டுப் பார்த்தார்கள். நாஃப்தலீன் நம் அலமாரிப் பூச்சி உருண்டைதான். இந்த வகையில் கணக்கு தலைகீழ். விஷம் வந்தால் எரியும்.

எல்லாம் நல்லது என்று நினைத்துவிட வேண்டாம். விப்ரியோ ஹார்வேயி என்ற இன்னொரு ஒளிர்வான் இறால் குஞ்சுகளை அடியோடு அழிக்கும். ராத்திரி தொட்டியில் குஞ்சுகள் தாமே ஒளிர்ந்தால் இறால் வளர்ப்பவர்களுக்கு அது அழகில்லை, நஷ்டம். மீனிலும் அப்படித்தான். ஒளிர்வதால் மட்டும் மீன் விஷமாகாது. ஆனால் ஃபோட்டோபாக்டீரியம் ஃபாஸ்ஃபோரியம் என்ற வகை, கானாங்கெளுத்தி போன்ற மீன்களில் குளிர்சாதனப் பெட்டியிலேயே ஹிஸ்டமின் உண்டாக்கும். அது உடம்பெல்லாம் தடித்துச் சிவக்க வைக்கும்.

பரிசோதனைக்கும் ஓட்டைகள் உண்டு, என் தொழில்காரர்களுக்காக அதையும் சொல்ல வேண்டும். செம்பனைக் கழிவு பழுப்பு. நிறமே ஒளியை விழுங்கிவிடும், பாக்டீரியா நன்றாக இருக்கும்போதே செத்ததாகக் கணக்கு வரும். அதற்குத் தனித் திருத்தம் போட வேண்டும். உப்புச் சேர்ப்பதால் சில உலோகங்கள் குளோரைடோடு கட்டிக்கொண்டு வீரியம் மாறும். எல்லாவற்றையும்விடப் பெரியது, பாக்டீரியாவுக்கு நரம்பு கிடையாது. பூச்சியின் நரம்பைத் தாக்கும் மருந்தைக் கலந்தால் அது பெரிதாகக் கண்டுகொள்ளாமல் எரிந்துகொண்டிருக்கும், ஆற்றோர மின்மினிதான் முதலில் போகும். தோட்டத்தில் மருந்தடித்த பெண்களின் கைகளைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இது சின்ன ஓட்டை இல்லை. அதனால்தான் ஐரோப்பாவில் பாக்டீரியாவோடு நிற்காமல் நீர்த்தெள்ளுப்பூச்சி, பாசி, மீன் முட்டை என்று நாலு வகை உயிரிடமும் கேட்கிறார்கள்.

மகள் இந்த வருஷம் பள்ளி அறிவியல் விழாவுக்கு இதையே எடுத்திருக்கிறாள். ஆற்றில் நாலு இடத்துத் தண்ணீர், நாலு போத்தல், கைப்பேசிக் கேமராவில் நீண்ட நேரப் படம், எது எவ்வளவு மங்குகிறது என்று ஒப்பிடுவது. உப்பு அளவு நாலிலும் ஒன்றாக இருக்க வேண்டும், ஆற்றுத் தண்ணீர் சேர்க்காத ஒரு போத்தல் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதோடு என் பங்கு முடிந்தது. ஆசிரியர் திட்டத்தை முழுவதும் படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாராம், மண்டபத்தில் நாற்றம் அடிக்குமா என்று. அடிக்கும் சார் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.